கடல் ஆராய்ச்சிக்குப் போக ஒன்றரை லட்சம் கட்ட வேண்டுமா?

கேள்வி: இந்த வருடம் எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்தேன். கடல்பசு, ஆமை இவற்றைக் களத்தில் இறங்கி ஆராய வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. வெளிநாட்டு அமைப்பு ஒன்று இரண்டு வாரக் களப்பயிற்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறது. அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். அம்மா, "டி.என்.பி.எஸ்.சி. எழுது, பொம்பளைப் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை" என்கிறார். எனக்கு நீச்சலும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?
(பெயர் வேண்டாம், விருதுநகர்)

பதில்: முதலில், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காசு கட்டி இரண்டு வாரம் வருகிறவரை எந்த இடத்திலும் விருந்தாளியாகத்தான் நடத்துவார்கள். படகில் ஏற்றுவார்கள், நாலு போட்டோ எடுக்கலாம், கடைசியில் ஒரு சான்றிதழ் கையில் வரும். ஆனால் நாளைக்கு ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறவருக்கு அந்தச் சான்றிதழால் ஒன்றும் தெரியாது. இந்தப் பெண்ணை ஒரு கடற்கரை ஊரில் ஆறு மாதம் விட்டால் தினமும் ஒழுங்காகக் குறிப்பு எழுதுவாளா, எழுதியதை நம்பலாமா, ஊர்க்காரர்களோடு ஒத்துப்போவாளா என்பதுதான் அவருடைய கவலை. அதைக் காட்ட வெளிநாடு தேவையில்லை. விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் தூத்துக்குடி.

கடல்பசு, அதாவது ஆவுளியா மேல் ஆசை என்கிறீர்கள், அதனால் அந்த வேலை நிஜத்தில் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழ்நாடு அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அந்தப் பக்கமே கிடந்து வேலை செய்கிறவர்களுக்கும் உயிருள்ள ஆவுளியா கண்ணில் படுவது அபூர்வம். கலங்கல் தண்ணீர், ஆள் அரவம் கேட்டால் விலகிப்போகும் பிராணி, மூச்சு விட வந்தாலும் மூக்கு மட்டும் ஒரு நொடி மேலே தெரியும். அதனால் கடல்பசு ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் கடற்புல் ஆராய்ச்சிதான். தண்ணீருக்குள் ஒரு சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் என்னென்ன புல் இருக்கிறது, தரையில் எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்று எழுதி, பத்தடி தள்ளி மறுபடி வைத்து மறுபடி எழுத வேண்டும். ஆவுளியா மேய்ந்துவிட்டுப் போன தடம் புல்லில் கோடு போட்டதுபோலக் கிடக்கும், அதைத் தேட வேண்டும். அப்புறம் கரைக்கு வந்து, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எந்த வலையில் பட்டது என்று மீனவர்களிடம் மணிக்கணக்கில் பேச வேண்டும். இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சலிப்பு வரவில்லை, ஆர்வம்தான் கூடுகிறது என்றால் தயங்காமல் வாருங்கள், இந்தத் துறைக்கு அப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும்.

சரி, தொடக்கம் எங்கே? படகையும் காற்றுச் சிலிண்டரையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மீன் இறங்குகிற இடத்துக்குப் போங்கள். தூத்துக்குடியில் நாட்டுப்படகுகளுக்குத் திரேஸ்புரம், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் துறைமுகம். எந்தப் படகு எந்த நேரம் கரை சேரும், ஏலம் எப்போது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் அது மாறும். சுறாவும் திருக்கையும் கரையில் வந்து விழுகிற இடம் அது, கடலுக்குள் போய் வருடம் முழுக்கத் தேடினாலும் நீங்கள் பார்க்க முடியாத வகைகள் ஏலத் தரையில் கிடக்கும். சுறாவா, மொத்த நீளத்தை அளந்து எழுதுங்கள். திருக்கையா, உடம்பின் அகலத்தை. ஆணா பெண்ணா என்று அடிவயிற்றைப் பார்த்தாலே தெரியும், ஆணுக்கு வயிற்றுத் துடுப்பை ஒட்டி விரல்போல இரண்டு உறுப்புகள் நீண்டிருக்கும். என்ன வலையில், எத்தனை பாக (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்தில் பிடித்தது என்று படகுக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். வாரம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம். ஒன்றுமே வராத நாளில் "ஒன்றும் வரவில்லை" என்றும் எழுதுங்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். அந்த வெற்று நாட்கள் இல்லாத குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எதையும் கணக்குப் போட முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் அதுவரை எழுதியதைக் கணினியில் ஏற்றி, புள்ளிவிவரக் கணக்குக்கு ஆர் மென்பொருளும், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ்ஸும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம்.

இதில் ஒரு விஷயம் மிகவும் முக்கியம், யாரும் எழுதிவைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆமை, ஆவுளியா, கடல் அட்டை, கடல்குதிரை, இவையெல்லாம் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற உயிர்கள். தெரியாமல் வலையில் பட்டாலும் மீனவருக்குப் பயம் இருக்கும். நீங்கள் போனும் கையுமாக நின்று அவர் முகத்தையும் படகு நம்பரையும் படமெடுத்து இணையத்தில் போட்டால், அவருக்கு வழக்கு வரலாம், உங்களுக்கு அந்த ஊரே கதவைச் சாத்திவிடும். அது நியாயமும்கூட. யார், எதற்கு வந்திருக்கிறேன், படத்தை என்ன செய்வேன் என்று முதல் நாளே சொல்லுங்கள். ஊர்த் தலைவரையும் ஏலக்காரரையும் பார்த்துப் பேசிவிட்டுத் தொடங்குங்கள். சட்டம் உங்களுக்கும் உண்டு. கரையில் செத்துக் கிடக்கிற ஆமையின் ஓட்டைக்கூட எடுத்துவரக் கூடாது, பாதுகாக்கப்பட்ட உயிரைக் கையாளுகிற எந்த ஆராய்ச்சிக்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். தனியாக அதற்கு அலையாதீர்கள், அனுமதி வைத்திருக்கிற குழுவோடு சேருங்கள்.

ஆமைக்குச் சென்னையில் நல்ல வழி இருக்கிறது. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. பங்குனி ஆமை முட்டையிட வருகிற மாதங்களில் தன்னார்வலர்கள் இரவு முழுக்கக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, எங்கே எத்தனை என்று உலகத்துக்குத் தெரியவந்ததில் இப்படி நடக்கிறவர்களின் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பருவம் முழுக்க அங்கே நடந்துவிட்டு வாருங்கள், ஒன்றரை லட்சம் கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சி அது.

நீச்சலுக்கு வருவோம். கற்றுக்கொண்டே ஆக வேண்டும், இதில் பேச்சே இல்லை, மூன்று மாதத்தில் கற்றுக்கொள்கிற விஷயம்தான். ஊரில் நீச்சல் குளமோ நல்ல கிணறோ பார்த்துத் தெரிந்த ஆளோடு இறங்குங்கள். ஸ்கூபா, அதாவது சிலிண்டரோடு முங்குவதற்கான சான்றிதழ் அவசரமில்லை, ஒரு வேலை அதைக் கேட்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாகக் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர்கள் பெண்கள்தான். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. பெண்ணுக்குக் கடலில் வேலை இருக்கிறது, அங்கே எப்போதும் இருந்தது. ஆனாலும் சில ஊர்களில் பெண்ணைப் படகில் ஏற்ற மாட்டார்கள், அதை எதிர்பார்த்தே போங்கள், அங்கே கரை வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. எந்தக் குழுவில் சேர்ந்தாலும் எங்கே தங்குவது, கூட இன்னொரு பெண் உண்டா, படகில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம். சம்பளத்தையும் அப்படியே கேளுங்கள். சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசுகூடத் தராமல் "அனுபவம் கிடைக்குமே" என்று மாதக்கணக்கில் வேலை வாங்குவது இந்தத் துறையில் இருக்கிற பெரிய அநியாயம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தாங்கி நிற்பதும், மற்றவர்கள் நல்ல திறமை இருந்தும் விலகிப்போவதும் இதனால்தான். என் கணக்குப்படி, கையிலிருந்து செலவழித்து வேலை செய்வதற்கு ஒரு பருவம்தான் எல்லை.

நிலையான பணத்துக்கு வழி நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் தாளில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) தகுதி பெற்று ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய், 2023இல் உயர்த்திய தொகை இது. அந்தத் தகுதியோடு மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் நிறுவனம், டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம் என்று கதவு தட்டலாம். எழுதும்போது "எனக்குக் கடல் மேல் தீராத காதல்" என்று தொடங்காதீர்கள், அந்த மாதிரிக் கடிதம் அவர்களுக்குத் தினமும் வருகிறது. "இத்தனை மாதமாகத் திரேஸ்புரத்தில் திருக்கைகளை அளந்துவருகிறேன், அட்டவணையை இணைத்திருக்கிறேன், உங்கள் இந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்தது" என்று நாலு வரி எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. விஷயத்தில் அம்மாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். உதவி வனப் பாதுகாவலர் பதவிக்கான குரூப் 1ஏ தேர்வை விலங்கியல் படித்தவர்கள் எழுதலாம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் காக்கிறதும் வனத்துறைதான். அது ஆராய்ச்சி வேலை இல்லை, நிர்வாக வேலை, அது தெரிந்தே எழுதுங்கள். நெட்டுக்குப் படிக்கிற உயிரியல் அதற்கும் உதவும். இரண்டு வருட அவகாசம் கேளுங்கள், அதற்குள் சம்பளத்தோடு ஒரு திட்டத்தில் சேரவில்லை என்றால் அந்தத் தேர்வை முழுமூச்சாக எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுங்கள். அப்பா கடன் வாங்க நினைத்த பணத்தில் ஒரு சின்னப் பங்கு போதும், பஸ் காசு, ஒரு அளவு நாடா, தண்ணீர் படாத குறிப்பேடு, நீச்சல் வகுப்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.