நெல்லா, புல்லா?

கேள்வி (வாசகி, திருத்துறைப்பூண்டி): எங்கள் நாற்றங்காலில் நெல்லோடு நெல்லாக ஒரு புல் முளைத்திருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் போனில் படம் எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை நெல் என்றது, மறு தடவை வேறு பெயர் சொன்னது. விஞ்ஞானிகள் மட்டும் எதை வைத்து இன்ன செடி என்று அடித்துச் சொல்கிறார்கள்?

பதில்: போனைக் கோபிக்காதீர்கள் அம்மா. தாவரவியல் பட்டம் வாங்கிய கையோடு எங்கள் வயலில் களை பறிக்க இறங்கியவன் நான். அரை மணி நேரத்தில் ஒரு கட்டு பிடுங்கி வரப்பில் போட்டேன். களையெடுக்க வந்திருந்த அக்கா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல பாதி பயிருப்பா. காலேஜில இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார்.

பிறகு அவரே காட்டினார். இலை தண்டைவிட்டுப் பிரிகிற இடத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். நெல் என்றால் அங்கே வெள்ளைச் சவ்வாக ஒரு குட்டி நாக்கு நிற்கும், இரு பக்கமும் மயிர் முளைத்த சின்னக் காதுகள் இருக்கும். குதிரைவாலி இனத்துக் களைப்புல்லில் நாக்கும் இல்லை, காதும் இல்லை, மொழுக்கென்று இருக்கும். பத்து ரூபாய் லென்ஸ்கூட வேண்டாம், கண்ணே போதும்.

விஞ்ஞானிகளின் 'இருகிளைத் திறவுகோல்' இதே வேலைதான். எதிரெதிரான இரண்டு வாக்கியங்கள். நாக்கு உண்டா, இந்தப் பக்கம் போ. இல்லையா, அந்தப் பக்கம் போ. போன இடத்தில் அடுத்த ஜோடி காத்திருக்கும். கடைசியில் ஒரு பெயர். ஓர் இடத்தில் தப்பாகத் திரும்பினால், மாயவரம் போக வேண்டியவர் மன்னார்குடி பஸ்ஸில் ஏறிய கதைதான். அதிலும் இந்த பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. அதனால்தான் கிடைத்த பெயரை ஹெர்பேரியத்தில், அதாவது காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிப் பெயரோடு சேர்த்துவைக்கும் இடத்தில், இருக்கும் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நமக்குப் பக்கம் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம். 1967இல் அதைத் தொடங்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ நம் பக்கத்துச் செடிகளுக்கு எழுதிய நூலிலும் இந்தத் திறவுகோல்கள் உண்டு.

கேள்வி (வாசகர், கும்பகோணம்): பச்சைச் செடி வெளியே இருக்க, காய்ந்ததை எதற்குப் பூட்டிவைக்க வேண்டும்?

பதில்: பெயர் ஒட்டியிருப்பது அந்தக் காய்ந்த செடியில்தானே! புது இனத்துக்குப் பெயர் வைப்பவர் ஒரு மாதிரியைக் காட்டி, 'நான் சொன்னது இதை' என்று வைத்துவிட்டுப் போக வேண்டும். சுமார் 29க்கு 42 செ.மீ. அட்டை, பூவோடு ஒரு கிளை, எடுத்த ஊர், தேதி, எடுத்தவர் பெயர். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து செடி சேர்த்தார். 1776இல் வந்த ராட்லர் பாதிரியாரும் சேர்த்தார். தமிழ் அகராதி தொகுத்தவரும் இவரே. அவர் சேர்த்த செடிகளை இன்றும் லண்டன் கியூ தோட்டத்தில் பார்க்கலாம்.

ஐப்பசி அடைமழையில் நான் சேர்த்தவை வேறு கதை. செடியை அழுத்திவைத்த செய்தித்தாளை நாலு நாள் மாற்றவில்லை. பிரித்துப் பார்த்த பேராசிரியர், "பூஞ்சைக்கு நல்ல ஹெர்பேரியம் போட்டிருக்கே" என்றார்.

கேள்வி (வாசகர், நாகை): கடையில் வாங்கிய கீழாநெல்லிப் பொடி அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: பொடியில் பூ ஏது, காய் ஏது! அங்கே டி.என்.ஏ. பார்கோடுதான், அதாவது டி.என்.ஏ.வின் சின்னத் துண்டைப் படித்து இன்ன இனம் என்று கண்டுபிடிக்கும் முறைதான், கைகொடுக்கும். விலங்குகளுக்கு இதை 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்வைத்தார். செடிகளுக்கு ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுத் துண்டுகளைப் படிக்கிறார்கள். படித்ததை ஒப்பிட, சரியாகப் பெயரிட்ட செடியின் டி.என்.ஏ. முன்பே பதிவாகியிருக்க வேண்டும். வீட்டில் இதெல்லாம் நடக்காது. பச்சைச் செடியாக வாங்கிக் கிளையைத் திருப்பிப் பாருங்கள். காய் வழுவழுப்பாகக் காம்பில் தொங்கினால் கீழாநெல்லி. சொரசொரவென்று காம்பே இல்லாமல் ஒட்டியிருந்தால் அது அதன் பங்காளி.