இரவே ஸ்லோ குக்கரில் போட்டு வைத்தால் காலையில் சூடான கஞ்சி கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் ஓசூரில் முதல் ஷிப்ட் பார்ப்பவர். விடிவதற்குள் கிருஷ்ணகிரியில் கம்பெனி பஸ் ஏற வேண்டும், காலையில் அடுப்படியில் நிற்க நேரமில்லை, வீட்டில் ஒரு ஸ்லோ குக்கர் (பீங்கான் சட்டியில் மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கிற கரண்ட் அடுப்பு) சும்மா கிடக்கிறது, அதில் இரவே கேழ்வரகோ ஓட்ஸோ போட்டு வைத்தால் சரிவருமா என்கிறார்.

நன்றாகவே சரிவரும். வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, இடைவேளை வரை டீயிலேயே ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒன்றே ஒன்று, கேழ்வரகு மாவை மட்டும் இரவில் போடாதீர்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு முதலில் கை போவது அதன் மேல்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாவு தண்ணீரில் கரைவதில்லை, கொஞ்ச நேரம் கலங்கி நின்றுவிட்டு அடியில் படியும். கேஸ் அடுப்பில் கூழ் காய்ச்சும்போது கெட்டியாகிற வரை துழாவிக்கொண்டே இருக்கிறோம், அதனால் படிய வழியில்லை. ஸ்லோ குக்கரில் தண்ணீர் நன்றாகச் சூடேறவே சில மணி நேரம் ஆகும். மாவு கெட்டிப்பட 65, 70 டிகிரிச் சூடாவது வேண்டும். அந்தச் சூடு வருவதற்குள் மாவு முழுவதும் கீழே இறங்கி அங்கேயே பாளமாக வெந்துவிடும். மேலே வெந்நீர், அடியில் களி என்றுதான் கிடைக்கும்.

ஆகவே முழுத் தானியமோ நொய்யோதான் இதற்கு ஏற்றது. என் தேர்வு சாமை. சித்தேரி, சிட்லிங்கி, பென்னாகரம் பக்கத்துச் சாமை கிடைத்தால் விடாதீர்கள். அதிகம் தீட்டாத சாமையில் தவிட்டு வாசம் இருக்கும், கஞ்சிக்கு அதுதான் ருசி. ஆனால் சீக்கிரம் காறிப்போகும், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். வேலை என்று பார்த்தால் கல் அரிப்பது ஒன்றுதான். அகலமான பாத்திரத்தில் சாமையைத் தண்ணீரோடு சுழற்றி, மேலாக எழுகிற தானியத்தை மட்டும் அடுத்த பாத்திரத்துக்குச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் கொஞ்சம் சாமையோடு கருமணலும் பொடிக்கல்லும் தங்கும். அந்தக் கடைசிப் பங்கைக் கொட்டிவிடுங்கள், அதைக் காப்பாற்றப் போய்ப் பல்லில் கல் கடிபட வேண்டாம்.

ஒரு டம்ளர் சாமைக்கு 6 டம்ளர் தண்ணீர் ஊற்றினால் குடிக்கிற பதம், 5 என்றால் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிற பதம். மூடி இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால் தண்ணீர் அதிகம் வற்றாது, கேஸ் அடுப்பு நினைப்பில் கூட்டி ஊற்றாதீர்கள். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, நாலு பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், உப்பு. குறைந்த சூடான ‘லோ’வில் வைத்துவிட்டுப் படுத்தால் ஏழு எட்டு மணி நேரத்தில் குழைந்து நிற்கும். காலையில் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொண்டால் போதும். பாசிப்பருப்புக்குப் பதில் ராஜ்மா போடலாமே என்று தோன்றினால் வேண்டாம். அதை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வைத்தால்தான் அதிலுள்ள நச்சு போகும். ‘லோ’ சூடு அதற்குப் போதாது.

கேழ்வரகே வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது, அது நம் வீடுகளில் கூழ் காய்ச்சுகிற வழியேதான். நொய்யை இரவில் குக்கர் வேகவைக்கட்டும். மாவை வேறு கிண்ணத்தில் கரைத்துப் புளிக்க வையுங்கள். காலையில் நொய்யைக் கேஸுக்கு மாற்றி, கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் துழாவினால் கூழ் தயார். ஷிப்ட் நாளில் முடியாது, ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பாலைவிட அதிகம். தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023-லிருந்து அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். விளைகிற மண்ணிலேயே அது தட்டை விட்டு விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் செய்தி அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஓட்ஸ் என்றால் ஸ்டீல் கட் ஓட்ஸ், அதாவது தட்டையாக்காமல் நொய் மாதிரி வெட்டிய ஓட்ஸ் வாங்குங்கள், ஒரு பங்குக்கு 4 பங்கு தண்ணீர். அவல் மாதிரி தட்டையாக வருகிற ஓட்ஸ் இரவு முழுவதும் வெந்தால் பசையாகிவிடும். அதைக் காலையில் வெந்நீரில் போட்டாலே ஆயிற்று.

இந்தச் சாதனமே இரவுச் சமையலில் பிறந்ததுதான். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்பவர் 1940-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். யூதர்கள் ஓய்வு நாளில் அடுப்பு மூட்டுவதில்லை. அதனால் முந்தின மாலையே பயறும் இறைச்சியும் போட்ட பானையை ரொட்டிக் கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துவிடுவார்களாம். லித்துவேனியாவில் அப்படிச் சமைத்ததை அவருடைய அம்மா சொல்லக் கேட்டதுதான் தொடக்கம்.

ஒருவருக்கு மட்டும் செய்வதென்றால் பெரிய சட்டியில் கொஞ்சமாகப் போடாதீர்கள், ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தானியமும் தண்ணீரும் எடுத்து, அதைக் குக்கர் சட்டிக்குள் வைத்து, கிண்ணத்தைச் சுற்றிப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அடிப்பிடிக்காது, கழுவுவதும் சுலபம். பாலை இரவில் ஊற்ற வேண்டாம், திரிந்துவிடும். காலையில் காய்ச்சிய பாலை ஊற்றி, கொஞ்சம் ஆறியபின் வெல்லம் போடுங்கள்.

கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம், 200 வாட் குக்கர் 8 மணி நேரம் முழுதாக ஓடினாலும் 1.6 யூனிட்தான். பயப்பட வேண்டியது கரண்ட் போவதற்கு. திருகு வைத்த மாடல் கரண்ட் வந்ததும் தானாக ஓடும், டிஜிட்டல் மாடல்களில் பல அப்படியே அணைந்து கிடக்கும். காலையில் திறக்கும்போது ஆவி பறக்காமல் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் அந்தக் கஞ்சியைக் குடிக்காதீர்கள், மறுபடி கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள். மார்கழியில் ஓசூர், தளிப் பக்கம் சட்டியே ஜில்லென்று இருக்கும், அப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் ஆரம்பியுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீங்கான் விரிசல் விடும்.