கிளைடு போட்டும் பத்து சென்டிமீட்டர்தானா?

கேள்வி: குண்டு எறிதலில் நின்ற இடத்திலிருந்து எறிந்தால் 9.10 மீட்டர் போகிறது. கிளைடு போட்டு, அதாவது வட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முதுகு காட்டியபடி வழுக்கி முன்னால் வந்து எறிந்தாலும் 9.20-ஐத் தாண்டவில்லை. கையில் வலு போதவில்லை என்கிறார்கள். சுழன்று எறியும் முறைக்கு மாறிவிடலாமா?
– பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்

பதில்: கையை விடும்மா. நின்றபடியே 9.10 போடுகிற கைக்கு என்ன குறை? கிளைடு ஒழுங்காக அமைந்தால் ஒரு மீட்டராவது கூட வரவேண்டும். உனக்குப் பத்து சென்டிமீட்டர்தான் வருகிறது என்றால், வட்டத்தின் பின்பக்கம் சேர்த்த வேகம் நடுவிலேயே செத்துப்போகிறது.

எங்கே என்று காது சொல்லும். குண்டில்லாமல் கிளைடு போய்க் கால் விழும் சத்தத்தைக் கேள். நீ வலது கைக்காரி என்றே வைத்துக்கொள்கிறேன். வலது கால் நடுவட்டத்தில் விழுந்த கையோடு இடது கால் ஸ்டாப் போர்டு (வட்டத்தின் முன்விளிம்பில் இருக்கும் தடுப்புக் கட்டை) பக்கம் விழுந்து, 'டடக்' என்று ஒட்டிக் கேட்க வேண்டும். 'டக்... டக்' என்று கேட்டால், வலது காலில் உட்கார்ந்துகொண்டு இடது காலுக்காகக் காத்திருக்கிறாய், அதற்குள் வேகம் போய்விட மறுபடி நின்ற இடத்திலிருந்துதான் எறிகிறாய். இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது அதனால்தான்.

பெரும்பாலும் இது குதிப்பதால் வரும். இடது காலை வானத்தைப் பார்த்து உதைத்தால் உடம்பு மேலே போய்த் தொப்பென்று இறங்கும். உதை போர்டைப் பார்த்துத் தாழ்வாகப் போகட்டும், அதற்கு முன்பே இடுப்பு பின்னால் சரியத் தொடங்கியிருக்க வேண்டும், நாற்காலி இருக்கிறது என்று நம்பி உட்காரப் போகிறவர் மாதிரி. வலது பாதத்தைக் குதிகால் வரை உருட்டித் தள்ளியதும் காலைச் சட்டென்று உடம்புக்கு அடியில் இழுத்துக்கொள். இழுக்கும்போதே பாதம் உள்பக்கம் திரும்பி, முன்பாதம் ஊன்றி இறங்க வேண்டும். திரும்பாமல் இறங்கினால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், முழங்காலும் வலிக்க ஆரம்பிக்கும்.

அப்புறம் தோள். போர்டு எங்கே என்று பாதியில் திரும்பிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அமெரிக்க வீரர் பாரி ஓ'பிரையன் 1950-களின் தொடக்கத்தில் எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்க ஆரம்பித்ததே, குண்டைத் தள்ளும் தூரத்தை நீட்டத்தான். 1952, 1956 இரண்டு ஒலிம்பிக் தங்கமும் அவருக்கு. முன்கூட்டித் திரும்பினால் அந்த நீளத்தை நீயே வெட்டிக்கொள்கிறாய். வட்டத்துக்குப் பின்னால் மூன்று மீட்டர் தள்ளிச் செருப்பைக் கழற்றிப் போடு. இடது கால் இறங்கும்வரை கண் செருப்பிலேயே இருக்கட்டும்.

கிளைடு போய் அப்படியே சிலையாக நின்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல பயிற்சி. எடை வலது காலில், முகம் பின்னால், இடது கால் போர்டை ஒட்டி, எறியும் திசையைப் பார்த்துச் சொன்னால் சாக்பீஸால் போட்ட நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இடப்பக்கம். கோட்டுக்கு வலப்பக்கம் போனால் இடுப்பு திரும்ப வழியே இருக்காது. பத்தில் எட்டு முறை இப்படி நிற்க வந்தபிறகு குண்டை எடு.

எங்கே பழகுகிறாய் என்று நீ எழுதவில்லை. மண் தரை என்றால் ஜாக்கிரதை. நான் பள்ளியில் செம்மண்ணில் வெறுங்காலோடு பழகிவிட்டு, முதன்முதலாக மாவட்டப் போட்டியில் சிமெண்ட் வட்டத்தில் ஏறி, சறுக்கிக்கொண்டு போய் போர்டைத் தாண்டி விழுந்தேன். மூன்று வாய்ப்பும் ஃபவுல், கூட்டம் சிரித்தது வேறு. ஏதாவது சிமெண்ட் தரையில் 2.135 மீட்டர் விட்டத்துக்கு வட்டம் போட்டு, வழவழப்பான அடியுள்ள ஷூவோடு பழகு.

சுழல்வது இப்போதைக்கு வேண்டாம். கிழக்கு ஜெர்மனி வீரர் உல்ஃப் டிம்மர்மான் 1988-இல் 23.06 மீட்டர் போட்டது கிளைடில்தான், அந்த முறையில் நீ தொடாத தூரம் இன்னும் நிறையக் கிடக்கிறது. இரண்டு வாரம் கழித்து யாரையாவது பக்கவாட்டில் நிற்கவைத்து ஸ்லோ மோஷனில் வீடியோ எடுக்கச் சொல், இரண்டு காலும் இறங்கும் நொடியில் நிறுத்தி உன் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துவிட்டு எழுது.