கார்பூல் ரேம்ப் வேலையில் தாமதத்தையும் செலவையும் எப்படிக் கட்டுக்குள் வைப்பது? குமரி மாவட்டத்தில் மட்டும் இந்த மாதிரி சாலை வேலை ஏன் இவ்வளவு இழுக்கிறது?

நான் தக்கலைக்காரன். சாலை ஒப்பந்த வேலைகளில் அளவெடுத்து பில் போடுகிற பக்கம் இருப்பவன். அதனால் பதில் கொஞ்சம் மண்ணும் காகிதமுமாகத்தான் இருக்கும்.

முதலில் அமெரிக்கக் கதை. லாஸ் ஏஞ்சல்ஸில் 405 நெடுஞ்சாலையில், செபுல்வேதா கணவாய் வழியாக 16 கிலோமீட்டருக்கு ஒரு கார்பூல் பாதை சேர்த்தார்கள். ஒரு காரில் குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் அதில் ஓட்டலாம். கூடவே வில்ஷயர் சாலையில் ரேம்புகளை, அதாவது நெடுஞ்சாலைக்கு ஏறி இறங்கும் சாய்வுப் பாதைகளை, இடித்துக் கட்டினார்கள். 2012இல் அவற்றில் முதல் இரண்டை 90 நாள் மூடியே வைத்தார்கள். சுமார் 100 கோடி டாலரில் தொடங்கிய வேலை. 2013இல் முடிந்திருக்க வேண்டியது, 2014 மே மாதம்தான் பாதை திறந்தது. நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் நகர்த்துவதில் காலம் போனது. மண்ணைத் தாங்கும் சுவர்களில் கோளாறு கண்டு திரும்பக் கட்டினார்கள். ஒப்பந்தக்காரரின் இழப்பீட்டுக் கோரிக்கையைத் தீர்க்க மட்டும் பிறகு சுமார் 30 கோடி டாலர் போயிற்று. அவ்வளவு பணமும் இயந்திரமும் உள்ள ஊரிலேயே நிலை இதுதான்.

நம்மூரில் கார்பூல் ரேம்ப் கிடையாது. ஆனால் மேம்பாலத்துக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் ஏறி இறங்கும் அப்ரோச் (அணுகு சாலை) எல்லாம் அதே வேலைதான். 200 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், உச்சியில் 6 மீட்டர் உயரம் என்று ஒரு சின்ன ரேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி உயரம் 3 மீட்டர். இறுக்கிய நிலையில் 6,000 கன மீட்டர் மண் வேண்டும். லூசாக அள்ளும்போது ஏழாயிரத்தைத் தாண்டும். டிப்பருக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தாலும் எழுநூறு லோடுக்கு மேல். ஒரே ஒரு ரேம்புக்கு!

அந்த மண் எங்கே இருக்கிறது? 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காப்புக்காடு, நடுவில் வீடும் குளமும் ரப்பரும். குளத்து மண் எடுக்க அனுமதி வேண்டும், குன்றைத் தொட்டால் வழக்கு வரும். எங்கள் மாவட்டத்து நான்குவழிச்சாலை மண் கிடைக்காமல் பல வருடம் நின்றதும், மீதி வேலைக்குத் திரும்ப டெண்டர் போட்டதும் எல்லாருக்கும் தெரியும். மண் பத்து கிலோமீட்டரில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர் நாற்பது கிலோமீட்டரிலிருந்து அடிக்க வேண்டி வந்தால் அந்த லீடு (மண் கொண்டுவரும் தூரத்துச் செலவு) முழுக்க அவர் தலையில்தான். வடிவமைப்பு, பொருள், கட்டுமானம் எல்லாம் ஒருவரே பார்க்கும் இ.பி.சி. ஒப்பந்தம் மொத்தத் தொகைக்குத்தானே. மண் அனுமதி கைக்கு வராமல் ரோலரையும் ஹிட்டாச்சியையும் (மண் அள்ளும் இயந்திரம்) இறக்குவது, பெண் பார்க்கும் முன்னே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற கதை. வாடகை ஓடும், வேலை ஓடாது.

அடுத்தது தண்ணீர். வெளியூரிலிருந்து வருகிற இன்ஜினியர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். நமக்கு இரண்டு பருவமழை. ஜூனில் ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. ஈர மண்ணை இறுக்க முடியாது. அதோடு பேச்சிப்பாறை அணையைக் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் நடவுக்கு ஜூனில் திறந்தால், இரண்டாம் போகமான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி கடைசி வரை சானலில் (பாசனக் கால்வாயில்) தண்ணீர் ஓடும். அனந்தனார் சானலோ தோவாளை சானலோ குறுக்கே வந்தால், அங்கே பாக்ஸ் கல்வெர்ட் (தண்ணீர் போகும் பெட்டி வடிவச் சிறுபாலம்) போடக் கிடைப்பது மார்ச் முதல் மே வரைதான். அதிலும் கோடை மழை வந்துபோகும். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் அடுத்த மார்ச் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். விவசாயிக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, சொல்லவும் கூடாது. அதனால் எங்கள் பக்கத்து வேலைக்கு அட்டவணை போடும்போது முதலில் கல்வெர்ட்டுக்கு மார்ச்சைக் குறியுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும். மென்பொருளில் வண்ணக்கோடு போட்டு வருகிற அட்டவணையில் அணை திறக்கும் தேதியை நான் பார்த்ததே இல்லை.

மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் மாற்றுவதற்கான பணத்தை அந்தந்தத் துறைக்கு முதல் மாதமே கட்டிவிட வேண்டும். ஒரு கம்பம் மாற்றப்படாமல் நின்றால் ஒரு சுவர் வேலையே நின்றுபோகும்.

செலவு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது: ஆளைக் கூட்டி, இரவு ஷிப்ட் போட்டு இழந்த நாளைப் பிடிக்கலாம் என்பது பெரும்பாலும் வீண். தடை வேறு இடத்தில் இருக்கும்போது கூடுதல் ஆள் கூடுதல் கூலி மட்டுமே. இரும்பு, சிமெண்ட், தார் விலை ஏறினால் ஒப்பந்தத்தில் உள்ள விலைச் சரிக்கட்டல் சூத்திரம் ஓரளவு காக்கும். சும்மா நிற்கிற இயந்திரத்தை அது காக்காது. அதற்கு ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர், அதாவது வேலைக்கு வந்த தடைகளைக் குறிக்கும் பதிவேடுதான் துணை. நிலம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது, எந்தக் கம்பம் எத்தனை நாள் மாற்றப்படாமல் நின்றது என்று அன்றன்றே எழுதி, ஒப்பந்தம் சொல்லும் நாளுக்குள் கடிதமும் போட வேண்டும். “சார்கிட்ட போனில் சொல்லியாச்சு” என்றால் காலநீட்டிப்பே கிடைக்காமல் போகலாம். அதே நாட்களில் உங்கள் பக்கத்திலும் ஜல்லி இல்லாமல் வேலை நின்றிருந்தால் நாட்கள் கிடைக்கும், பணம் கிடைப்பது கஷ்டம்.

வேலை வடிவமைப்பு கட்டத்திலேயே உங்கள் கையில் இருந்தால் மண்ணைக் குறைக்கும் வழியைக் கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில் மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்களை மண்ணை நம்பாமல் இரும்பில் கட்டியது இதற்கு நல்ல பாடம். நெருக்கமான பஜாரில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி 2018 கடைசியில் திறந்துவிட்டார்கள். மார்த்தாண்டம் பாலத்தின் தளத்தில் 2024இல் ஓட்டை விழுந்ததும் உண்மைதான்; ஆக, இரும்பைத் தேர்ந்தெடுத்தால் பராமரிப்புக்கான தொகையையும் மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.