மின்னாக்கிக்குப் பெட்ரோல் வைக்க ஏற்ற கேன்

வணக்கம். மின்னாக்கிக்காகத் தண்ணீர்க் கேனில் ஊற்றிவைத்த பெட்ரோல் வெயிலில் கேனை உப்பவைத்து மூடியோரம் கசிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கேனில் இனிப் பெட்ரோல் ஊற்றவே வேண்டாம். அது எரிபொருளுக்கென்று செய்யப்பட்டதன்று.

20 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேனையே நான் பரிந்துரைப்பேன். 1930களில் ஜெர்மானியப் படைக்காக உருவான அந்த வடிவத்தில், பக்கத் தகட்டில் அழுத்தப்பட்ட பள்ளங்கள் வெப்பத்தில் தகடு விரிந்து சுருங்க இடம் தருகின்றன. மூன்று கைப்பிடிகள் இருப்பதால் இருவர் சேர்ந்தும் தூக்கலாம். வாங்கும்போது விலையைவிட மூடியின் வாஷரைப் பாருங்கள்: இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பருத்துவிடும், நைட்ரைல் ரப்பர் தாங்கும். (கடைக்காரருக்கே பல வேளை இது தெரிவதில்லை.)

நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். இல்லாவிட்டால் நிலைமின்சாரப் பொறி தெறிக்கலாம். விளிம்புவரை நிரப்பாமல் சற்று இடம் விடுங்கள்.