மார்க்கெட்டிங் ஆட்டோமேஷன்ல ஏபிஐ உண்மையில என்ன வேலை பாக்குது?

ஏபிஐன்னா ஒரு சாஃப்ட்வேர் இன்னொரு சாஃப்ட்வேர்கிட்ட தகவல் கேக்கவும் வேலை சொல்லவும் இருக்குற வழி, மார்க்கெட்டிங் ஆட்டோமேஷன்னா கஸ்டமருக்குப் போற மெசேஜையும் விளம்பரத்தையும் தானா ஓட விடுறது. ஆன்லைன் கடைகளுக்கு இந்த மாதிரி இணைப்பு வேலைதான் தினமும் செஞ்சிட்டிருக்கேன், அதனால ஒரு புடவைக் கடைய வச்சே சொல்லிடுறேன், பொதுவா சொன்னா ஒண்ணும் பிடிபடாது.

கடை ஷாப்பிஃபைல, அதாவது ஆன்லைன் கடை நடத்துறதுக்கான தளத்துல, ஓடுதுன்னு வைங்க. ஒருத்தங்க ரெண்டு புடவைய கார்ட்ல போட்டு, போன் நம்பரும் குடுத்துட்டு, பணம் கட்டுற பக்கத்தோட நின்னுட்டாங்க. உடனே ஷாப்பிஃபை அந்த விவரத்த வெப்ஹூக்கா (ஒண்ணு நடந்ததும் தானா வர்ற தகவல்) நம்ம சர்வருக்கு அனுப்பிடும், நாம போய் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ "எதாச்சும் வந்துச்சா"ன்னு கேட்டுட்டிருக்க வேண்டாம். ஒரு மணி நேரம் பொறுத்து நம்ம சர்வர் வாட்ஸ்அப் கிளவுட் ஏபிஐ வழியா ஞாபகப்படுத்தி ஒரு மெசேஜ் அனுப்பும். இதுல நம்ம இஷ்டத்துக்கு எழுத முடியாது, பேரும் லிங்க்கும் வர்ற இடத்த காலியா விட்டு ஒரு டெம்ப்ளேட் எழுதி வாட்ஸ்அப்ப வச்சிருக்குற மெட்டா கம்பெனிகிட்ட முன்னாடியே அனுமதி வாங்கியிருக்கணும், கஸ்டமரும் மெசேஜ் வாங்க சம்மதிச்சிருக்கணும். அவங்க பதில் போட்டா அதுலேர்ந்து 24 மணி நேரம் சாதாரணமா பேசலாம்.

இது வரைக்கும் எல்லாரும் செஞ்சிடுறாங்க. என்னைக் கேட்டா ஏபிஐயோட பெரிய உதவியே மெசேஜ நிறுத்துறதுலதான் இருக்கு. அந்தம்மா அரை மணி நேரத்துல வேற போன்லேர்ந்து வந்து வாங்கிட்டாங்க, அதுக்கப்புறமும் "உங்க புடவை காத்திட்டிருக்கு"ன்னு மெசேஜ் போனா எவ்வளவு எரிச்சலா இருக்கும்? அதனால அனுப்புறதுக்கு முந்தின நொடியில அந்த நம்பர்ல ஆர்டர் விழுந்திருக்கான்னு ஷாப்பிஃபை ஏபிஐல இன்னொரு வாட்டி பாத்துடணும். ஒரே வெப்ஹூக் ரெண்டு தடவ வரவும் செய்யும், அஞ்சு செகண்டுக்குள்ள நாம பதில் சொல்லலேன்னா போய்ச் சேரலன்னு நினைச்சு ஷாப்பிஃபை திரும்ப அனுப்பும், அதனால வந்ததும் 200ன்னு ("கிடைச்சிடுச்சு"ங்கறதுக்கான கோடு) பதில் குடுத்துட்டு வேலைய க்யூல, அதாவது அப்புறமா செய்ய வேண்டிய வரிசையில, போடுங்க, ஒவ்வொரு வெப்ஹூக்கோட ஐடியையும் எழுதி வச்சு ரெண்டாவதா வர்றத தூக்கிப் போடுங்க. "இனிமே அனுப்பாதீங்க"ன்னு கஸ்டமர் டைப் பண்ணா அதுவும் வாட்ஸ்அப்லேர்ந்து வெப்ஹூக்காதான் வரும், அத யாராச்சும் படிக்கட்டும்னு விடாம அந்த நிமிஷமே லிஸ்ட்லேர்ந்து எடுக்குற மாதிரி எழுதுங்க, இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம்.

விளம்பரத்துலயும் இதே கதைதான். புடவைய வாங்கினவங்களுக்கே அதே புடவை விளம்பரம் ஒரு வாரமா சுத்திட்டிருந்தா காசு தண்டம். ஆர்டர் வந்ததும் அவங்க நம்பர ஷா-256ங்கற முறையில ஹேஷ் பண்ணி (நம்பர் வெளிய தெரியாத மாதிரி குறியீடா மாத்தி), விளம்பரம் காட்ட வேண்டாதவங்க லிஸ்ட்ல மெட்டா ஏபிஐ வழியா சேத்துடலாம். 2021ல ஐபோனுக்கு ஐஓஎஸ் 14.5 வந்து, ஆப்புங்க நம்மள கண்காணிக்க அனுமதி கேக்கணும்னு ஆனப்புறம், பிரவுசர் பிக்சல (யாரு என்ன வாங்கினாங்கன்னு மெட்டாவுக்குச் சொல்ல வெப்சைட்ல போடுற சின்ன கோடு) மட்டும் நம்புறதுல நிறைய விட்டுப் போகுது, அதனால சர்வர்லேர்ந்தும் மெட்டாவோட கன்வெர்ஷன்ஸ் ஏபிஐல வாங்கின தகவல அனுப்புறாங்க. பிக்சல், சர்வர் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அந்த விற்பனைக்கு ஒரே ஈவென்ட் ஐடி (அடையாள எண்) போகணும், இல்லன்னா ஒரு விற்பனை ரெண்டா கணக்காகி, நஷ்டத்துல ஓடுற விளம்பரம்கூட லாபம் மாதிரி தெரியும்.

கோடிங் தெரியாதவங்க மேக் (Make), ஜேப்பியர், என்8என் மாதிரி கோடு எழுதாம இணைக்குற டூல்ல ஆரம்பிக்கலாம், உள்ள ஓடுறது இதே ஏபிஐங்கதான். எதுல செஞ்சாலும் ஆக்சஸ் டோக்கன (ஏபிஐய உங்க பேர்ல திறக்குற ரகசியச் சாவி) எக்காரணம் கொண்டும் வெப்சைட்டோட ஜாவாஸ்கிரிப்ட்ல வைக்காதீங்க, யாரு வேணா பக்கத்தோட சோர்ஸ பாத்து எடுத்து உங்க பேர்ல மெசேஜ் அனுப்பிடலாம், பில்லும் உங்களுக்குத்தான் வரும்.