பங்கின் கணக்கைக் கேட்பது

அன்புள்ள அக்கா,

நம் கத்தோலிக்க விசுவாசத்தைப் பற்றியும் திருச்சபையில் மாற வேண்டியவை பற்றியும் நீங்கள் எழுதுவதை ஒரு வருடமாக விடாமல் படிக்கிறேன். ஜெபமாலை பற்றியும் உபதேசியார்கள் பற்றியும் எழுதியவற்றை என் அம்மாவுக்கு (72 வயது) வாசித்துக் காட்டினேன். ஆனால் பங்குக் கணக்கு (நம் கோயில் வட்டாரத்தின் வரவு செலவு), கல்லறையில் சாதி, பெண்களுக்குப் பொறுப்பு என்று எழுதும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பனியன் கம்பெனியில் என் செக்‌ஷனில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். உங்கள் கட்டுரையைப் போனில் காட்டி, "உங்க கோயில்லயும் சாதி இருக்குதாமா?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நம் பக்கம் நாம் கொஞ்சப் பேர். வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவரத்தான் வேண்டுமா? சாமியாரிடம் தனியாகப் பேசினால் போதாதா? இவ்வளவு எழுதியதில் ஏதாவது மாறியதா? நீங்கள் விசுவாசத்தோடுதான் எழுதுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்)

அன்புள்ள தம்பி,

அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விசுவாசத்தோடுதான் எழுதுகிறேன். ஞாயிறு பூசையை விடுவதில்லை. ஜெபமாலை சொல்கிறேன். அக்டோபரில் கருமத்தம்பட்டித் திருவிழாவுக்குப் போகிறேன். பூசையில் கொடுக்கிற அப்பமான நற்கருணையை ஆண்டவரின் உடல் என்று நம்பித்தான் வாங்குகிறேன். அந்த நம்பிக்கை எனக்கு இல்லையென்றால் கல்லறையில் யாரை எங்கே புதைத்தால் எனக்கென்ன? அப்பம் ஒன்றே, அதில் பங்கு கொள்கிற நாமும் ஒரே உடல் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அந்த அப்பத்தை வாங்கியவர்களைச் செத்த பிறகு சாதிவாரியாகப் பிரித்துப் புதைக்கிறார்கள் என்றால், அது நற்கருணைக்கே செய்கிற அவமரியாதை. எனக்கு வலிப்பது அங்கேதான்.

உங்கள் சங்கடம் எனக்குத் தெரியாததல்ல. தூத்துக்குடி, கன்னியாகுமரி கடற்கரை மாதிரி ஊரே கத்தோலிக்க ஊராக இருப்பது நம் பக்கம் அபூர்வம். ஒரு வீதியில் இரண்டு வீடு இருந்தால் அதிகம். அப்படி இருக்கிறவர்களுக்கு மானம் பெரிது, ஒற்றுமையும் பெரிது. ஆனால் 'வீட்டு விஷயம்' என்கிறீர்களே, அந்த வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள்? திருவிழாவில் தேர் தங்கள் தெருவுக்கு வராத குடும்பமும் அதே வீட்டில்தானே இருக்கிறது? பேசாமல் இருந்தால் நம் மானம் நிற்கும், சரி. அவர்களுடைய மானம்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஐயும் நம் சபை கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. மதம் மாறினாலும் சாதிக் கொடுமை விடுவதில்லை, ஆகவே உரிமை வேண்டும் என்று அரசிடமும் நீதிமன்றத்திலும் சொல்கிறோம். நியாயமான கோரிக்கை, நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் டெல்லியில் அப்படிச் சொல்லிவிட்டு, இங்கே பக்கத்துச் சீட்டில் இருப்பவர் கேட்டால் "எங்க கோயில்ல அதெல்லாம் இல்லைங்க" என்று எப்படிச் சொல்வது? உங்கள் நண்பர் மறுபடி கேட்டால், "இருக்குதுங்க, அது பாவம்னு எங்க சபையே சொல்லுது, மாத்தத்தான் பாடுபடறோம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர்களின் (பிஷப்புகளின்) பேரவை 2016 டிசம்பரில் தலித் கிறிஸ்தவர்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. 2003இல் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாடு கூடாது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அந்த ஆயர்களிடம் நேரிலேயே கண்டித்துச் சொன்னார். திருத்தந்தை சொல்லலாம், நாம் சொல்லக்கூடாதா?

இந்தப் பிரச்சினை இன்று நேற்று வந்ததல்ல. 1623இல் இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைச் சாமியார் ராபர்ட் டி நோபிலி மதுரையிலிருந்து கிளம்பி நம் சேந்தமங்கலத்துக்கும் அங்கிருந்து சேலத்துக்கும் வந்தார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றோடு கிறிஸ்தவராக இருக்கலாம் என்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி அனுமதி கொடுத்ததும் அதே வருடம்தான். நம் மண்ணின் வழக்கத்தை மதித்த அந்தத் துணிச்சலை நான் கும்பிடுகிறேன். ஆனால் மண்ணின் வழக்கத்தோடு சாதியும் உள்ளே வந்துவிட்டது. 1640 வாக்கில் மேல்சாதிக்காரர்களுக்கு ஒரு வகைச் சாமியார்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று சேசு சபையினரே பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. பண்டாரசாமிகளால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கிடைத்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் என் சபையை நேசிக்கிறேன்.

அப்புறம், சாமியாரிடம் தனியாகப் பேசுவது. கண்டிப்பாக முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். பல சாமியார்கள் காது கொடுத்துக் கேட்பவர்கள், அவர்களுக்கும் ஆள்துணை வேண்டியிருக்கிறது. ஆனால் அதோடு நிற்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 212ஆவது பிரிவைப் பாருங்கள். சபையின் நன்மை பற்றிய தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில நேரம் அது கடமையும்கூட என்கிறது. மற்ற விசுவாசிகளுக்கும் தெரிவிக்கலாம் என்கிறது. மரியாதையோடு சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 537ஆவது பிரிவு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. பங்குப் பேரவை வேண்டுமா என்பதை ஆயர் தீர்மானிக்கலாம், நிதிக்குழுவுக்கு அந்த விலக்கு கிடையாது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287ஆவது பிரிவு சொல்கிறது. ஓவர்டைம் பார்த்த காசில் திருவிழா உபயம் கொடுக்கிற உங்களுக்கு, அது எங்கே போனது என்று தெரிந்துகொள்ளும் உரிமையைச் சபையே எழுதிக் கொடுத்திருக்கிறது. பூசைக்கு வருகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் எழுதுவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

பெண்கள் விஷயத்தை இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். பூசையில் வேதம் வாசிக்கிற வாசகர், பீடத்தில் உதவுகிற பீடத்துணைவர் பணிகளில் பெண்களை முறைப்படி ஏற்படுத்தலாம் என்று 2021 ஜனவரியில் திருத்தந்தை ஃபிரான்சிஸ் சட்டத்தையே மாற்றினார். 2023 அக்டோபரில் ரோமில் நடந்த ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். நம் பங்குகளில் இன்னும் பெண்கள் பெருக்குவதும் பூ வைப்பதுமே அதிகம்.

ஏதாவது மாறியதா என்று கேட்டீர்கள். கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒரு பங்கில் இளைஞர்கள் சட்டப் பிரிவுகளை எழுதிக்கொண்டு போய்ப் பணிவாகக் கேட்டார்கள். இப்போது திருவிழா வரவு செலவு அங்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. இன்னொரு பங்கில் கேட்டவரைப் பாடற்குழுவிலிருந்தே ஒதுக்கிவிட்டார்கள். அவர் இன்றும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை காண்கிறார். அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். அவர் சிறுமியாக இருந்தபோது பூசை லத்தீனில்தான் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார், பெண்கள் கீழே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டுச் சீர்திருத்த ஏட்டை வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று பூசையில் நம் மொழியில் வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. அதையும் அன்று விசுவாசக் கேடு என்று பயந்தவர்கள் இருந்தார்கள்.

உங்கள் பங்கில் நிதிக்குழு இருக்கிறதா, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் பங்குத்தந்தைக்கு எப்படி மனு எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா